பட்ஜெட்டில் பிள்ளைகளின் பணம்: தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட் வந்தபோது ஒரு வாரம் நாடு முழுக்க ஒரே சண்டை. இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டை எடுத்துவிட்டு 'ரூ' என்று போட்டது சரியா, தப்பா? டிவி விவாதங்களில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதே பட்ஜெட்டில் வேறொரு விஷயமும் இருந்தது. பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்பது. அந்தப் பணம் வராததால் எத்தனையோ ஏழைப் பெற்றோர் தனியார் பள்ளியில் கட்டணமில்லாத எல்கேஜி சீட்டுக்காக அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலச்சினையை யாரும் சாப்பிடப் போவதில்லை, படிக்கப் போவதுமில்லை. ஆனாலும் பேச்சு அதைப் பற்றித்தான்.

நிதியமைச்சர் உரையில் வாசிக்கும் தொகையை வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. அது வெறும் வாக்குறுதி. உண்மையில் என்ன நடந்தது என்பது மானியக் கோரிக்கையிலும் (ஒரு துறை தன் ஆண்டுச் செலவுக்காகச் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகைகளின் பட்டியல்), அரசாணையிலும், அடுத்த ஆண்டுகளின் ஆவணங்களிலும், கடைசியாகப் பள்ளிக்கூடத்து வரவு செலவு நோட்டிலும் இருக்கிறது. இவை பெரும்பாலும் பொது ஆவணங்கள். படிக்கத்தான் ஆளில்லை. பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், கல்லூரி மாணவர்கள் என யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

'குழந்தைகளுக்கு அரசு எவ்வளவு செலவு செய்கிறது' என்று தொடங்கினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். காலை உணவு, அங்கன்வாடி, உதவித்தொகை, வகுப்பறைக் கட்டடம் என்று உங்களுக்கு நெருக்கமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறதா, இல்லையா என்று நேரில் பார்த்துச் சொல்ல முடிகிற திட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. காகிதத்தில் உள்ள எண்ணை நேரில் பார்த்ததோடு ஒப்பிடலாம். சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக்கூட அந்த வசதி கிடையாது.

படி 2: பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

பலரும் தடுமாறுவது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் நடப்பதெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கணக்கில் இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு துறையின் செலவும் ஒரு மானியக் கோரிக்கை எண்ணின் கீழ் வருகிறது. பள்ளிக் கல்வி 43. 2025-26-ல் அதற்கு ஒதுக்கியது 46,767 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. ஆனால் சத்துணவு சமூக நலத் துறையின் 45-ஆம் கோரிக்கையில் இருக்கிறது. காலை உணவும் அங்கன்வாடியும் அங்கேதான். உயர்கல்வி 20. மக்கள் நல்வாழ்வு 19. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் அந்தத் துறையின் கணக்கில். மாணவர் இலவச பஸ் பாஸுக்கு ஈடாகப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தரும் தொகை போக்குவரத்துத் துறையில். ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஓய்வூதியமோ இவை எதிலும் சேராமல் தனிக் கோரிக்கையில்.

ஆக, 43-ஐ மட்டும் பார்த்துவிட்டுக் கல்விக்கு இவ்வளவுதான் என்று எழுதினால், பிள்ளையின் வயிற்றுக்குப் போகும் பணம் முழுவதும் விடுபட்டுவிடும்.

கோரிக்கைப் புத்தகத்தைத் திறந்தால் நான்கு இலக்கக் குறியீடுகள் தெரியும். பயந்துவிட வேண்டாம். இந்தியா முழுவதும் இவை ஒன்றேதான். 2202 என்றால் பொதுக் கல்வி. 2236 ஊட்டச்சத்து. 2235 சமூகப் பாதுகாப்பும் நலமும். 2225 பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் நலம். 2204 விளையாட்டும் இளைஞர் நலமும். ஐடிஐ பயிற்சி தேடுபவர்கள் 2230-ஐப் பார்க்க வேண்டும். முதல் இலக்கம் 2 என்றால் அது சம்பளம், உணவு, உதவித்தொகை போல அந்த ஆண்டோடு முடிகிற வருவாய்ச் செலவு. 4 என்றால் கட்டடம் போன்ற மூலதனச் செலவு. பள்ளிக்குப் புதுக் கட்டடம் வருகிறதா என்று பார்க்க 2202-ஐப் புரட்டிப் பயனில்லை, 4202-ஐப் புரட்டுங்கள்.

பள்ளிக் கல்வியின் பெரும் பங்கு ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது என்பதைப் பார்த்ததும் சிலர் 'எல்லாம் சம்பளத்துக்கே போய்விடுகிறது' என்பார்கள். ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை பணியிடங்கள் காலியாக இருக்கின்றன? காலியிடம் இருந்தால் ஒதுக்கிய சம்பளம் மிச்சமாகும். கணக்கில் அது சேமிப்பு. வகுப்பில் ஆசிரியர் இல்லாத ஒரு பாடவேளை.

ஒன்றிய அரசின் பக்கம் வேலை கொஞ்சம் எளிது. அதன் செலவின விவரத் தொகுப்பில் 12-ஆம் அறிக்கை முழுக்கக் குழந்தைகள் நலனுக்கானது. 2008-09 முதல் இப்படித் தனியாகத் தருகிறார்கள். 2025-26-ல் அந்த அறிக்கையின் கூட்டுத்தொகை சுமார் 1.16 லட்சம் கோடி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஒன்றிய அரசின் மொத்த பட்ஜெட்டான 50.65 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் 2.3 சதவீதம். கேரளம், அசாம், பிகார் போன்ற மாநிலங்களும் குழந்தைகளுக்கான இப்படியொரு அறிக்கையை வெளியிட்டிருக்கின்றன.

படி 3: ஒரு வரிக்கு மூன்று எண்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் பக்கத்தில் மூன்று வகைத் தொகைகள் இருக்கும். முதலாவது, வரும் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. செய்தித்தாளில் தலைப்பாக வருவது இது. இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டுக்கான திருத்திய மதிப்பீடு. 'போன வருடம் இவ்வளவு என்று சொன்னோம், இப்போது பார்த்தால் இவ்வளவுதான் செலவாகும்போலத் தெரிகிறது' என்று அரசே ஒப்புக்கொள்ளும் தொகை. மூன்றாவது, அதற்கும் முந்தைய ஆண்டின் கணக்கு. உண்மையில் செலவானது.

ஒன்றிய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2021 முதல் பிஎம் போஷன் என்று பெயர். 2023-24-க்கு 11,600 கோடி என்று அறிவித்தார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 10,000 கோடி ஆயிற்று. 2024-25-க்கு 12,467 கோடி என்றார்கள். மறுபடியும் 10,000 கோடிக்கு இறங்கியது. அடுத்து 2025-26-க்கு 12,500 கோடி. அந்த 12,500-ஐ முந்தைய ஆண்டின் அறிவிப்போடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 25 சதவீத உயர்வு. எதை எடுத்துப் பேசுவது என்பது பேசுகிறவரின் வசதியைப் பொறுத்தது! 'இந்த ஆண்டு இவ்வளவு சதவீதம் உயர்த்தியிருக்கிறோம்' என்று யார் சொன்னாலும், எந்த எண்ணிலிருந்து உயர்த்தினார்கள் என்று கேளுங்கள்.

இளைஞர்களுக்கான உதாரணம் இதைவிடக் கூர்மையானது. 2024 ஜூலையில் பிரதமரின் பயிற்சிப் பணித் திட்டத்தை அறிவித்தார்கள். முன்னணி 500 நிறுவனங்களில் 5 ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய். முதல் ஆண்டுக்கு ஒதுக்கியது 2,000 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 380 கோடி. அதோடு 2025-26-க்கு 10,831 கோடி ஒதுக்கினார்கள். 2,000 கோடி தலைப்புச் செய்தி ஆனது. 380 கோடி ஒரு அட்டவணையின் மூன்றாவது பத்தியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

பல ஆண்டுகளுக்குச் சேர்த்துச் சொல்லும் தொகைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 7,000 கோடி என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த ஆண்டுக்கு ஒதுக்கியது 1,300 கோடி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கட்டட வேலை அப்படித்தான் நடக்கும். நாம்தான் இந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்கப் பழக வேண்டும்.

படி 4: தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்

கோடிகள் கண்ணைக் கட்டும். ஒரு பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும்.

எளிதாகத் தொடங்கலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. அறிவிப்பில் இருந்தது 3 லட்சம் மாணவர்கள், 360 கோடி. மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 12,000. அதை 3 லட்சத்தால் பெருக்கினால் சரியாக 360 கோடி. கணக்கு பொருந்துகிறது. இதற்கு முன்பே மாணவிகளுக்கு வந்த புதுமைப்பெண் திட்டத்துக்கு 2022-23-ல் 6 லட்சம் பேர், 698 கோடி. முழு ஆண்டுக்கும் பெருக்கினால் 720 கோடி வர வேண்டும். திட்டம் தொடங்கியதே செப்டம்பர் 5-ல்தான் என்பதால் அந்த ஆண்டுக்கு 698 கோடி தாராளம். பொருந்தாத திட்டங்களும் உண்டு. பயனாளிகள் எண்ணிக்கை பெரிதாகவும் ஒதுக்கீடு சிறிதாகவும் இருந்தால் ஒன்று பட்டியலில் பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும், அல்லது பாதி ஆண்டுக்குத்தான் கிடைக்கும்.

இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு வருவோம். மதிய உணவில் பருப்பு, காய்கறி, எண்ணெய், மளிகை, எரிபொருள் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒன்றிய அரசு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கான தொகையை வகுத்திருக்கிறது. 2025 மே 1 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 6 ரூபாய் 78 காசு. 6 முதல் 8 வரை படிப்பவருக்கு 10 ரூபாய் 17 காசு. பெரும்பாலான மாநிலங்களில் இதில் 60 சதவீதம் ஒன்றிய அரசு, 40 சதவீதம் மாநிலம். தானியம் தனி: தொடக்கப் பள்ளிக்குத் தலைக்கு 100 கிராம், அடுத்த நிலைக்கு 150 கிராம். அதன் செலவை ஒன்றிய அரசு ஏற்கிறது.

நூறு பிள்ளைகள் சாப்பிடும் ஒரு தொடக்கப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப்படி அரிசி நீங்கலாக ஒரு நாளைக்கு 678 ரூபாய். சாம்பாருக்குப் பருப்பு, காய், தாளிக்க எண்ணெய், அடுப்புக்கு கேஸ், எல்லாம் அதற்குள். தக்காளி கிலோ நூறைத் தாண்டும் மாதங்களில் என்ன ஆகும் என்று சமையல் செய்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழம்பு நீர்க்கும். பட்ஜெட்டில் ஒரு எண் அசையாமல் நின்றால் அதன் விளைவு இப்படித் தட்டில் தெரியும். பள்ளி நாள்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முட்டை மாநிலம் தன் விருப்பத்தில் சேர்த்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுக்கு இங்கே ஒரு நீண்ட அரசியல் வரலாறு இருப்பதால்தான் அந்த முட்டை தட்டில் இருக்கிறது. அப்படியொரு வரலாறு இல்லாத பல மாநிலங்களில் முட்டை இல்லை.

விலைவாசியையும் கழித்துப் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு 2022 அக்டோபரில் 5.45 ரூபாய் என்று வைத்தார்கள். 2024 டிசம்பரில்தான் 6.19 ஆயிற்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காசு ஏறவில்லை, கடையில் விலை ஏறியது. யாரும் வெட்டவில்லை. ஆனால் குறைந்துவிட்டது. சமையல் செய்பவர்களுக்கு ஒன்றிய அரசு வகுத்த மதிப்பூதியம் இன்னும் மோசம்: மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம், 2009-லிருந்து அதே தொகை. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தங்கள் பணத்தைப் போட்டு அதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. அங்கன்வாடிக் குழந்தையின் ஊட்டச்சத்துக்கு வகுத்தது 2017-லிருந்து நாளைக்கு 8 ரூபாய். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய். இதை உயர்த்துவோம் என்று 2025-26 ஒன்றிய பட்ஜெட் உரையில் அறிவித்தார்கள்.

ஆக, ஒரு திட்டத்தின் மொத்த ஒதுக்கீட்டைவிடத் தலைக்கு இவ்வளவு என்ற விதிமுறைத் தொகை எந்த ஆண்டில் கடைசியாக மாறியது என்பதுதான் அதிகம் சொல்லும். அதைக் குறித்து வையுங்கள்.

வருமான வரம்பும் இதே வகை. பட்டியலின மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வரம்பு பல ஆண்டுகளாக நகரவில்லை. கூலி மட்டும் நகர்கிறது. தாயும் தந்தையும் ஆளுக்கு நாளைக்கு 500 ரூபாய் வாங்கி, ஆண்டில் 260 நாள் வேலைக்குப் போனால் 2.6 லட்சம். வரம்பைத் தாண்டியாயிற்று. அந்தப் பிள்ளை பணக்காரப் பிள்ளை ஆகிவிட்டதாகக் கணக்கு.

படி 5: ஒதுக்கியது வந்து சேர்ந்ததா?

ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் திட்டங்களில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா இதற்குப் பாடப்புத்தக உதாரணம். புதிய கல்விக் கொள்கையை ஏற்பதோடு பிணைக்கப்பட்டிருந்த பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. 2024-25-க்கான ஒன்றியப் பங்கு, சுமார் 2,152 கோடி, வரவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு வட்டியோடு சேர்த்துக் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. இந்த வழிகாட்டிக்கு அது தேவையில்லை. அந்தப் பணம் எங்கெல்லாம் போயிருக்கும் என்று தொடர்ந்து போய்ப் பார்ப்பதுதான் நம் வேலை.

அந்தத் திட்டத்துக்குள் ஆசிரியர், ஊழியர் சம்பளம் இருக்கிறது. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான பயிற்சி இருக்கிறது. தொலைவில் இருந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்துப் படி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களில் சேரும் ஏழைக் குழந்தைகளுக்கான கட்டணமும் இருக்கிறது. இதில் கடைசியாகச் சொன்னது 2025-ல் முறிந்தது. வழக்கமாகக் கோடை விடுமுறைக்குள் முடியும் சேர்க்கை அந்த ஆண்டு தொடங்கியதே அக்டோபரில். பள்ளி திறந்து நான்கு மாதம் ஓடிவிட்டது. கையில் காசு இருந்தவர்கள் ஜூனிலேயே கட்டிச் சேர்த்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்கள். அந்தச் சலுகை யாருக்காகவோ அவர்களால்தான் அப்படிச் செய்ய முடியாது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கு தெரியுமா என்ன?

உங்கள் திட்டத்துக்கும் இதைச் செய்யுங்கள். பங்கு விகிதம் என்ன, முதல் தவணை எந்த மாதம் வந்தது, மாநிலம் தன் பங்கைச் சேர்த்து எப்போது விடுவித்தது? உதவித்தொகைகளில் இது உயிர்நாடி. ஜூனில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கான பணம் மார்ச்சில் வந்தால், இடையில் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கியிருக்கும்.

படி 6: வெட்டும் மாற்றமும் எங்கே ஒளிந்திருக்கின்றன?

பட்ஜெட் உரையில் 'இதை நிறுத்துகிறோம்' என்று யாரும் வாசிக்க மாட்டார்கள். நிறுத்தம் ஒரு அறிவிக்கையாக வேறொரு மாதத்தில் வரும். 2022 நவம்பரில் சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகையை ஒன்றிய அரசு 9, 10-ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கி, 8-ஆம் வகுப்பு வரை நிறுத்திவிட்டது. 8-ஆம் வகுப்பு வரை கல்விதான் இலவசமாயிற்றே என்பது சொன்ன காரணம். அந்த ஆண்டுக்கு விண்ணப்பம் வாங்கிய பிறகு வந்தது இந்த முடிவு. 2022-23-ல் 1,425 கோடியாக இருந்த ஒதுக்கீடு 2023-24-ல் 433 கோடி. அந்த டிசம்பரிலேயே சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வுதவித்தொகையும் நின்றது. அடுத்த பிப்ரவரியில் பட்ஜெட்டை மட்டும் பார்த்தவருக்கு ஒரு எண் குறைந்திருப்பது தெரியும். ஏன் என்பது தெரியாது.

மாற்றம் நல்லதாகவும் இருக்கலாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் நெடுநாளாக நடந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள். தாலிக்குத் தங்கமாகப் போன பணம் கல்லூரிப் படிப்புக்குப் போயிற்று. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. ஆனால் கணக்குப் பார்க்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரசுப் பள்ளியில் படிக்காத, கல்லூரிக்கே போகாத ஏழைப் பெண் பழைய திட்டத்தில் இருந்தாள், புதியதில் இல்லை. புதுத் திட்டம் வரும்போதெல்லாம் பழைய வரி என்ன ஆனது, அதில் இருந்தவர்கள் எங்கே என்று தேடுங்கள்.

படி 7: வரவுப் பக்கத்தையும் ஒரு பார்வை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரியும் பிள்ளைகளைத் தொடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், ரப்பர், கிரேயான், நோட்டுப் புத்தகம் இவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. கடன் இன்னொன்று. 2026 மார்ச் இறுதியில் தமிழ்நாட்டின் கடன் சுமார் 9.3 லட்சம் கோடியாக இருக்கும் என்பது 2025-26 பட்ஜெட்டின் மதிப்பீடு. அதைக் கட்டப்போவது இன்று பள்ளியில் இருப்பவர்கள். கடன் வாங்குவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது வகுப்பறையாகவும் மருத்துவமனையாகவும் ஆகிறதா, அன்றாடச் செலவில் கரைகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். அதே ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் அளவு அது. அப்புறம், யாரும் பேச விரும்பாத ஒன்று. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் சுமார் 48,000 கோடி. பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டைவிட அதிகம். அந்தப் பணம் எந்த வீடுகளிலிருந்து வருகிறது, அந்த வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதை எந்தப் பட்ஜெட் அறிக்கையும் சொல்லாது.

படி 8: பள்ளி வாசல் வரை போங்கள்

மேலே பார்த்ததெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. இது நடந்து போய்ச் செய்வது.

அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. சமக்ர சிக்ஷா விதிப்படி 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குப் போக வேண்டும். 80 பேர் படிக்கும் பள்ளி என்றால் மாதத்துக்கு 2,083 ரூபாய். கரும்பலகைக்கு வண்ணம், உடைந்த குழாய், கழிப்பறை ஃபினாயில், பேப்பர் எல்லாம் அதற்குள். தலைமையாசிரியர் தன் கையிலிருந்து போட்டுச் சமாளிக்கிற கதை ஏன் ஊருக்கு ஊர் இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இந்தப் பணத்தைப் பற்றிக் கேட்க உரிமையுள்ள இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் சட்டம் தந்த வேலை. கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, மீதம் எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தீர்மான நோட்டில் ஏறட்டும்.

பதில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் தர 30 நாள் கெடு. கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஏன் பணம் தரவில்லை?' என்று கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்:

'2024-25 நிதியாண்டில் எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விடுவிக்கப்பட்ட பள்ளி மானியத்தின் பள்ளிவாரித் தொகை, விடுவிக்கப்பட்ட தேதி, 31.03.2025 அன்று செலவாகாமல் இருந்த தொகை ஆகியவற்றின் நகல்களை வழங்கவும்.'

ஆண்டு, இடம், தொகை, தேதி, நகல். ஐந்தும் இருந்தால் நழுவ வழி குறைவு.

மாநில அளவில் மிச்சம் வைத்த பணத்தைத் தேட, கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் மாநில நிதி பற்றிய அறிக்கையைப் பாருங்கள். எந்த மானியக் கோரிக்கையில் எவ்வளவு செலவாகாமல் கிடந்தது என்று அதில் இருக்கும். மார்ச் 31 அன்று திருப்பி ஒப்படைத்த தொகைகளும் இருக்கும். எழுத்து நடை தூக்கம் வரவழைக்கும். அட்டவணைகளை மட்டும் பார்த்தால் போதும்.

படி 9: எந்த மாதம் யாரிடம் கேட்பது?

பட்ஜெட் வாசித்த மறுநாள் கோரிக்கை வைப்பது பஸ் போனபின் கை காட்டுவது. துறைகள் அடுத்த ஆண்டுக்கான தேவைகளை நிதித் துறைக்கு எழுதுவது செப்டம்பரிலிருந்து டிசம்பர் வாக்கில். உங்கள் கடிதம் துறை இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் போக வேண்டிய காலம் அது. ஒன்றிய பட்ஜெட் பிப்ரவரி 1. மாநில பட்ஜெட் பொதுவாக பிப்ரவரி, மார்ச். தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால பட்ஜெட்தான் வரும். புது அரசு வந்து மீண்டும் போடும். 2021-ல் அப்படி ஆகஸ்ட் 13-ல் திருத்திய பட்ஜெட் வந்தது. கட்சிகள் காது கொடுத்துக் கேட்பதும் தேர்தலை ஒட்டிய மாதங்களில்தான்.

பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். அன்று ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடும். நல்ல தமிழிலேயே கிடைக்கிறது. பயனாளிகள் எண்ணிக்கை, முந்தைய ஆண்டுச் செலவு எல்லாம் அதில் உண்டு. பட்ஜெட் உரையைவிட இது பத்து மடங்கு பயனுள்ளது என்பேன். விவாதத்துக்கு முன்பே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரே ஒரு பக்கத்தில் உங்கள் திட்டத்தின் மூன்று எண்களையும் எழுதிக் கொடுங்கள். புள்ளிவிவரம் கையில் கிடைத்தால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எந்த உறுப்பினரும் பேசத்தான் பார்ப்பார். அமைச்சர் அன்று அறிவிக்கும் புதுத் திட்டங்களுக்கு அரசாணை வந்துவிட்டதா என்று ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். அரசாணை இல்லாத அறிவிப்புக்குக் கருவூலத்தில் ஒரு பைசா கிடையாது.

ஒரு வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிப்பறை போன்ற சின்னத் தேவைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. ஊராட்சியின் சொந்த நிதியும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், அது வாய்மொழிக் கோரிக்கையாக இல்லாமல் சபைத் தீர்மானமாகப் பதிவாகும். அப்படியே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள். எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.